1872 ஜெனீவா தீர்ப்பும் கார்ட்டூன்களும்: தேதி பிடிப்பது எப்படி, பலகைக்கு அச்சிடுவது எப்படி?

தாள்தூசி:

வணக்கம். கல்லூரி வரலாற்றுத் துறைக் கண்காட்சிக்காக ‘அலபாமா கோரிக்கைகள்’ பற்றி ஆறு பலகை தயாராகிறது. தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்தபோது பிரிட்டனில் கட்டிய ‘அலபாமா’ முதலிய சில கப்பல்கள் தென்மாநிலங்களின் கைக்குப் போயின. வடக்கின் வணிகக் கப்பல்களைத் தேடித் தேடி எரித்தன. போர் 1865இல் முடிந்ததும் ‘கப்பலை வெளியே விட்டது நீ, நஷ்டத்தைக் கட்டு’ என்று வாஷிங்டன் லண்டனைப் பிடித்துக்கொண்டது. ஏழு வருட இழுபறிக்குப் பிறகு 1872இல் ஜெனீவாவில் ஐந்து நடுவர்கள் உட்கார்ந்து தீர்த்தார்கள்.

அந்தக் காலப் பத்திரிகைக் கார்ட்டூன்களை வைத்தே கதையைச் சொல்வதாகத் திட்டம். இணையத்தில் படம் ஏராளம். ஆனால் பலவற்றுக்குத் தேதி கிடையாது, வரைந்தவர் பெயரும் தளத்துக்குத் தளம் மாறுகிறது. எந்தப் படம் எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என்று எப்படிப் பிரிப்பது? பெயரை எதை வைத்து உறுதி செய்வது? இரண்டடி அகலத்துக்குப் பெரிதாக்கினால் ஸ்கேன் தாங்குமா?

வழக்காடி:

முதல் கேள்விக்கு வழக்கின் படிகள் தெரிந்தால் போதும், படம் தானாகவே பிரிந்துவிடும்.

1869 ஏப்ரல் 13: பிரிட்டனோடு பேசி முடித்திருந்த ஜான்சன்–கிளாரண்டன் உடன்படிக்கையை அமெரிக்க செனட் 54க்கு 1 என்று தூக்கி எறிந்தது. அன்றைக்கு செனட்டர் சார்லஸ் சம்னர் போட்ட கணக்குதான் கோரிக்கையை ஊதிப் பெரிதாக்கிக் காட்டும் எல்லாப் படங்களுக்கும் தாய். எரிந்த கப்பலுக்கும் சரக்குக்கும் 1.5 கோடி டாலர். வணிகக் கப்பல் தொழில் நசிந்ததற்கு 11 கோடி. இந்தக் கப்பல்களால் போரே இரண்டு வருடம் நீண்டது என்று சொல்லி, அதற்கு 200 கோடி. ஆகமொத்தம் 212.5 கோடி. அவ்வளவு பணம் எங்கிருந்து வரும்? அதற்குப் பதில் கனடாவைக் கொடுத்துவிடட்டும் என்ற பேச்சும் அப்போது அமெரிக்காவில் உண்டு. ஆகவே கனடா பேரமாக வரும் படம் என்றால் 1869–70 பக்கம் தேடுங்கள்.

1871 மே 8: வாஷிங்டன் உடன்படிக்கை. அமெரிக்கத் தரப்பில் வெளியுறவுச் செயலர் ஹாமில்டன் ஃபிஷ் தலைமை, பிரிட்டிஷ் தரப்பில் டி கிரே பிரபு. இந்த வேலைக்காகவே டி கிரே அதே வருடம் ரிப்பன் மார்க்கிஸ் ஆனார். 1880 முதல் 1884 வரை இந்தியாவில் வைஸ்ராயாக இருந்த அதே ரிப்பன்தான். சென்னை மாநகராட்சி இருக்கும் ரிப்பன் மாளிகை அவர் பேரில். உங்கள் பார்வையாளர்கள் சென்னைக்காரர்கள் என்றால் இந்த ஒரு வரியைப் பலகையில் போடுங்கள், நின்று படிப்பார்கள். இந்தக் கட்டத்துப் படங்களில் கைகுலுக்கல், சமாதானக் குழாய், மேசை, பேனா என்று வரும்.

1871 டிசம்பர் முதல் 1872 ஜூன் வரை: இதுதான் நெருக்கடி. டிசம்பர் 15 அன்று ஜெனீவாவில் இரு தரப்பும் வழக்குரையைத் தாக்கல் செய்தன. அமெரிக்க உரையைப் புரட்டினால் ‘மறைமுக இழப்பு’ உள்ளே இருக்கிறது: கப்பல்கள் வேறு கொடிக்கு மாறியது, காப்பீட்டுக் கட்டணம் ஏறியது, போர் நீண்டது. அதைக் கைவிட்டதாக நினைத்துத்தானே கையெழுத்துப் போட்டோம் என்று லண்டன் கொதித்தது. நடுவர் மன்றமே கவிழ இருந்தது. 1872 ஜூன் 19 அன்று தலைவர் ஸ்க்ளோபிஸ் இந்த வகைக் கோரிக்கைக்குச் சர்வதேசச் சட்டத்தில் இடமில்லை என்று நடுவர்களின் கருத்தை அறிவித்த பிறகுதான் வழக்கு நகர்ந்தது. ஊதிப் பெருத்த மூட்டை, வெடிக்கப்போகும் பலூன், பிரிட்டனின் கார்ட்டூன் உருவமான ஜான் புல் முன்னால் பூதாகாரமான ரசீது, இந்த வகை பெரும்பாலும் இந்த ஆறு மாதத்துச் சரக்கு.

1872 செப்டம்பர் 14: தீர்ப்பு. 1 கோடியே 55 லட்சம் டாலர், பொன்னாக. இதற்குப் பிறகு வருவதெல்லாம் பணப்பை, பில், பாக்கெட்டைத் தடவும் ஜான் புல்.

மைக்கோடு:

பெயர்ச் சிக்கலுக்கு என் பங்கு. பிரிட்டிஷ் பக்கப் படங்களில் பெரும்பாலானவை ‘பஞ்ச்’ என்ற நகைச்சுவை வார இதழுடையவை. அதில் வாரத்துப் பெரிய படத்தை வரைந்தவர் ஜான் டெனியல். ஆனால் படத்தின் மூலையில் ‘ஸ்வெயின்’ என்று பொறித்திருக்கும். ஸ்வெயின் வரைந்தவர் அல்ல, மரத்தில் செதுக்கியவர். அவருடைய பட்டறைதான் பஞ்ச் படங்களைச் செதுக்கியது. டெனியலின் குறி ஜே, டி இரண்டு எழுத்தும் ஒன்றோடொன்று பின்னிய சின்ன முத்திரை, பெரும்பாலும் எதிர் மூலையில். தளத்தில் பதிவேற்றியவர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த பெயரைப் போட்டுவிடுகிறார், அவ்வளவுதான். ‘ஸ்வெயின்’ என்பதை ஒட்டி எஸ்.சி. என்று இருந்தால் அது ‘செதுக்கினார்’ என்பதன் லத்தீன் சுருக்கம்.

வேலை நடந்த விதம் தெரிந்தால் படம் வேறுமாதிரி தெரியும். புதன் இரவு பஞ்ச் ஆசிரியர் குழு சாப்பாட்டு மேசையில் வாரத்துப் பெரிய படத்தின் கருவை முடிவு செய்யும். வியாழன் டெனியல் யோசித்து மாதிரி போடுவார். வெள்ளி முழுக்க உட்கார்ந்து, டிரேசிங் தாள் வழியாகக் கட்டைக்கு மாற்றி, மரத்தின் மேலேயே பென்சிலால் முடிப்பார். வெள்ளி இரவு கட்டை ஸ்வெயினிடம் போகும். மறுநாளுக்குள் செதுக்கி முடிய வேண்டும்.

கட்டை பாக்ஸ்வுட். பலகையாக நீளவாக்கில் அறுப்பதில்லை, குறுக்கே அறுத்து வளையம் தெரியும் முகத்தில் செதுக்குவார்கள். அப்போதுதான் உளி எந்தத் திசையில் போனாலும் நார் கிழியாது. உயரம் அச்செழுத்தின் உயரமே, சுமார் 23 மில்லிமீட்டர். அப்படி இருந்தால்தான் எழுத்தோடு சேர்த்து ஒரே சட்டத்தில் பூட்டி அச்சிட முடியும். வெள்ளையாக வரவேண்டிய இடமெல்லாம் தோண்டி எடுபடும். கறுப்புக் கோடு மேட்டில் நிற்கும். ஜான் புல்லின் கோட்டு மடிப்பில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு வலை பின்னியிருக்கிறதே, அதைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பேனாவால் வரைந்தவனுக்கு அது இரண்டு வீச்சு. செதுக்கியவனோ அந்த வலையின் ஒவ்வொரு சின்னஞ்சிறு வைரக் கட்டத்தையும் தனித்தனியாகக் குத்தி எடுத்திருக்கிறான். அப்படிச் செதுக்கும்போது கட்டை மேலிருந்த பென்சில் படம் அழிந்தே போகும். ஆகவே ‘மூல ஓவியம்’ என்று யாராவது விற்றால் அது மாதிரிப் படமாக இருக்கலாம், அச்சேறிய ஓவியமாக இருக்க முடியாது.

பாக்ஸ்வுட் மரம் பருமனாக வளராது. அதனால் பெரிய படத்துக்குப் பல துண்டுகளைப் பின்பக்கம் போல்ட் போட்டு இணைப்பார்கள். அவசரமென்றால் துண்டுகளைக் கழற்றி ஆளுக்கொன்றாகக் கொடுத்து ஒரே நேரத்தில் செதுக்குவார்கள். பிறகு மூத்த கைவினைஞர் இணைப்பு ஓரத்தை ஒட்டவைப்பார். அது சரியாக அமையாத படங்களில் நடுவே நூல் பிடித்தாற்போல ஒரு வெள்ளைக் கோடு ஓடும். ஸ்கேன் பழுது என்று நினைத்து ஃபோட்டோஷாப்பில் அழித்துவிடாதீர்கள்.

ஓரக்குறிப்பு:

//ஜான் புல் முன்னால் பூதாகாரமான ரசீது//

வழக்காடி சார், படிகள் சரி. ஆனால் இப்படி வரிசைப்படுத்தினால் கார்ட்டூன்காரன் வழக்கைப் பின்தொடர்ந்து வந்தான் என்றாகிவிடும். அமெரிக்கப் பக்கம் அப்படி இல்லை. ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’யில் தாமஸ் நாஸ்ட் 1872இல் வரைந்ததை 1872 தேர்தலோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். அவர் அதிபர் கிராண்டின் ஆள். எதிரே போட்டியிட்டவர் ஹோரஸ் கிரீலி. கிராண்டை விட்டுப் பிரிந்த சம்னரும் கிரீலி பக்கம். தீர்ப்பு செப்டம்பர் 14, வாக்குப்பதிவு நவம்பர் 5. இடையில் ஏழரை வாரம். ஜெனீவா படம் என்று பலகையில் தொங்கவிடுவீர்கள், அது உள்ளூரில் ஓட்டுக் கேட்கும் படம்.

பஞ்ச் பக்கமும் நடுநிலை தேடாதீர்கள். போர் நடக்கும்போது லிங்கனை வருடக்கணக்காகக் கிண்டலடித்த அதே டெனியல், அவர் சுடப்பட்ட பிறகு 1865 மே 6 இதழில் பிரிட்டனின் பெண்ணுருவமான பிரிட்டானியா அவர் உடல்மீது மலர்வளையம் வைப்பதாக வரைந்தார். அலபாமா படங்களை இந்தத் திருப்பத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் ‘கொடுத்துத் தொலை’ என்ற தொனி புரியும்.

பழந்தாள் செல்வி:

தேதி பிடிக்கும் வேலை. இரண்டு இதழ்களுமே அட்டையில் சனிக்கிழமைத் தேதி போடுபவை. இதுதான் முதல் சல்லடை.

உதாரணத்துக்கு, பிரம்மாண்டமாக ஊதிய ‘அலபாமா கோரிக்கை’ முன்னால் ஜான் புல் குள்ளமாக நிற்கும் படம் ஒன்று 1872 ஜனவரி 22 என்ற தேதியோடும் ஸ்வெயின் பெயரோடும் சுற்றுகிறது. நாட்காட்டியைப் பாருங்கள், அது திங்கட்கிழமை. பஞ்ச் இதழின் தேதி அதுவாக இருக்க வழியில்லை. பக்கத்துச் சனிகள் 20, 27. இரண்டில் எது என்று தொகுப்பைத் திறந்து பார்த்த பிறகுதான் எழுத வேண்டும். பெயர் விஷயம் மைக்கோடு சொன்னதே.

அடுத்தது, அட்டைத் தேதிக்குச் சில நாள் முன்பே இதழ் கடைக்கு வந்துவிடும். வரைந்தது அதற்கும் முன்னால். ஆகவே செப்டம்பர் 14 என்று அட்டையில் இருக்கும் இதழில் செப்டம்பர் 14 தீர்ப்பு இருக்காது. அட்லாண்டிக் கேபிள் 1866 முதலே வேலை செய்ததால் செய்தி அன்றே நியூயார்க் போய்விடும். ஆனால் கட்டை செதுக்கி, அச்சேறி, கட்டு கட்டி வெளியே வர நாள் ஆகும்.

இந்த இடைவெளி கார்ட்டூன்காரரைக் கவிழ்த்த கதையும் உண்டு. 1885 பிப்ரவரி 7 பஞ்ச் இதழில் சூடானின் கார்ட்டூம் நகரை மீட்க வந்த படையை அங்கே முற்றுகையில் இருந்த பிரிட்டிஷ் தளபதி கார்டன் வரவேற்பதாகப் படம். நகரம் ஜனவரி 26 அன்றே விழுந்துவிட்டிருந்தது. அடுத்த வாரமே துக்கப் படம் போட்டார்கள்.

ஏமாற்றும் படங்களையும் சொல்லிவிடுகிறேன். ஜான் புல்லும் அமெரிக்காவின் அங்கிள் சாமும் இருந்தால் எல்லாம் ஜெனீவா ஆகாது. கூர்முனை ஹெல்மெட்டோடு ஜெர்மன் பேரரசர் நடுவில் நின்றால் அது சான் ஹுவான் தீவுகள் எல்லைத் தகராறாக இருக்கும். அதே வாஷிங்டன் உடன்படிக்கைதான், ஆனால் நடுவர் முதலாம் வில்ஹெல்ம், 1872 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவுக்குச் சாதகமாக முடித்தார். மீன், வலை, தூண்டில் இருந்தால் மீன்பிடி உரிமை, அது கனடாவின் ஹாலிஃபாக்ஸ் வரை இழுத்து 1877இல் முடிந்தது. வெனிசுவேலா பெயர் எங்காவது தெரிந்தால் அது வேறொரு எல்லைத் தகராறு, 1895க்குத் தாவுங்கள். அந்தக் காலத்துக்குள் புகைப்பட முறைப் பிளாக் வந்துவிட்டதால் கோடு பேனா ஓட்டமாகவே இருக்கும், உளித் தடம் இராது.

உடையும் உதவும். பஞ்ச் படங்களில் அமெரிக்கா பெரும்பாலும் ‘பிரதர் ஜானதன்’, ஒல்லிக்குச்சி இளவட்டம். தாடி வைத்த அங்கிள் சாம் அமெரிக்க இதழ்களில் இந்த வருடங்களில்தான் நிலைபெறுகிறார். கொலம்பியா என்ற பெண்ணுருவம் வந்தால் நியாயம் பேசும் அமெரிக்கா, பேரம் பேசும் அமெரிக்கா அல்ல.

தாள்தூசி:

செல்வி அக்கா, நூறு நன்றி. கையிலிருந்த பதினான்கு படத்தில் மூன்று ஹாலிஃபாக்ஸ் மீன் என்று இப்போதுதான் தெரிகிறது.

இன்னொன்று. மூன்றாவது பலகைக்குத் தீர்ப்பு மேசை. ஐந்து பேர் யார் யார், எந்தக் கப்பலுக்கு எத்தனை வாக்கு? ஓரக்குறிப்பு சொன்ன தேர்தல் விஷயம் தனிப் பலகையாகவே போகும்.

வழக்காடி:

இத்தாலியின் ஸ்க்ளோபிஸ் பிரபு (தலைவர்), சுவிட்சர்லாந்தின் ஸ்டெம்ஃப்லி, பிரேசிலின் இதாஜுபா, அமெரிக்காவின் சார்லஸ் பிரான்சிஸ் ஆடம்ஸ், பிரிட்டனின் தலைமை நீதிபதி காக்பர்ன். ஆடம்ஸ்தான் போர்க்காலத்தில் லண்டனில் அமெரிக்கத் தூதர். அலபாமாவைத் தடுத்து நிறுத்தச் சொல்லி மனு மேல் மனு போட்டவரே பத்து வருடம் கழித்து நடுவர். இன்றைக்கு யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் மறைமுக இழப்புச் சிக்கலை அவிழ்த்ததில் பெரும்பங்கு இந்த ஆடம்ஸுக்குத்தான்.

வாக்கு: அலபாமாவுக்கு ஐந்துக்கு ஐந்து. ஃப்ளோரிடாவுக்கு 4–1. ஷெனன்டோவாவுக்கு 3–2, அதுவும் மெல்போர்னை விட்டுக் கிளம்பிய பிறகு செய்த சேதத்துக்கு மட்டும், ஏனென்றால் அந்தத் துறைமுகத்தில் அது ஆள் சேர்த்தபோது பிரிட்டிஷ் அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்றக் கப்பல்கள் கணக்கில் வரவில்லை. காக்பர்ன் தீர்ப்பில் கையெழுத்துப் போடாமல் நீண்ட எதிர்ப்புரை எழுதினார். ஆனால் அலபாமா விஷயத்தில் அவரே பொறுப்பை ஒத்துக்கொண்டார், அதைப் பலகையில் விட்டுவிடாதீர்கள்.

அலபாமாவுக்கு ஏன் ஒருமனது என்பதற்குக் கப்பல் வெளியேறிய நாளைப் பார்த்தால் போதும். பிர்க்கன்ஹெட்டில் லேர்ட் கப்பல் கட்டும் தளத்தில் 290 என்ற எண்ணோடு கட்டியது. லிவர்பூல் அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் டட்லி சாட்சி வாக்குமூலங்களாகச் சேர்த்துக் கொடுத்தார். அரசு அவற்றைச் சட்ட ஆலோசகர் ஹார்டிங் வீட்டுக்கு அனுப்பியது. அவருக்கோ மனநிலை பிறழ்ந்திருந்தது, தாள்கள் நாட்கணக்கில் திறக்கப்படாமல் கிடந்தன. 1862 ஜூலை 29 அன்று கப்பல் ‘வெள்ளோட்டம்’ என்று விருந்தினர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பி, அவர்களை இழுவைப் படகில் திருப்பி அனுப்பிவிட்டு அப்படியே போய்விட்டது. பீரங்கி அசோர்ஸ் தீவுகளில் வேறு கப்பலிலிருந்து ஏறியது. தடுக்கலாம் என்ற சட்டக் கருத்தும் அதே ஜூலை 29 அன்றுதான் வந்தது.

எந்தக் கார்ட்டூனும் இதைக் காட்டாது. படத்தில் ஜான் புல் திருட்டுத்தனமாகக் கப்பலைக் கையில் கொடுப்பார், இல்லையென்றால் தூங்குவார். வழக்கை முடித்ததோ உடன்படிக்கையின் ஆறாம் பிரிவில் இருந்த மூன்று விதிகள். நடுநிலை நாடு தன் துறைமுகத்தில் உரிய கவனம் எடுக்க வேண்டும் என்பது சாரம். 1862இல் இப்படி ஒரு விதி இருந்ததாக நாங்கள் ஏற்கவில்லை, ஆனாலும் இதை வைத்தே தீர்ப்புச் சொல்லுங்கள் என்று பிரிட்டன் எழுதிக் கொடுத்தது. அங்கேயே வழக்கின் பாதி முடிந்துவிட்டது. ஜெனீவாவில் மிச்சம் இருந்தது தொகை.

ஓரக்குறிப்பு:

தொகை என்றதும் ஒன்று. 1.55 கோடி டாலர் பவுனில் 32,29,166 பவுன் 13 ஷில்லிங் 4 பென்ஸ். ஒரு பவுனுக்கு 4.80 டாலர் வீதம் வகுத்தால் சரியாக வரும். சம்னர் கேட்ட 212.5 கோடியில் இது நூற்றுக்கு முக்கால்கூட இல்லை. ஆகவே ‘ஜான் புல் தோற்றார்’ படத்துக்குப் பக்கத்தில் இந்த இரண்டு எண்ணையும் ஒரே அளவுகோலில் பட்டையாக வரைந்து வையுங்கள். பெரிய பட்டை ஒரு மீட்டர் என்றால் சிறியது 7 மில்லிமீட்டர்.

திரும்பிப் போன பணத்தையும் போடுங்கள். பிரிட்டிஷ் குடிமக்களுக்குப் போரில் வந்த நஷ்டத்துக்கு அமெரிக்கா 19,29,819 டாலர் கட்டியது. ஹாலிஃபாக்ஸில் மீனுக்காக இன்னொரு 55 லட்சம். செல்வி ஒதுக்கச் சொன்ன அந்த மூன்று மீன் படத்தையும் தூக்கி எறியாமல் இங்கே வையுங்கள்.

மைக்கோடு:

மூன்றாவது கேள்விக்கு. ஹார்ப்பர்ஸ் பக்கம் சுமார் 11 அங்குல அகலம், படம் அதில் 9 அங்குலம் என்று வையுங்கள். 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் 5,400 புள்ளி. 24 அங்குலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 225. கோட்டுப் படத்துக்குத் தாராளம். இணையத்தில் கிடைக்கும் 1,200 புள்ளி அகலப் படமென்றால் 50தான் வரும், வலைக்கோடு எல்லாம் சாம்பல் கறையாகும். அப்படிப்பட்டதை எட்டு அங்குலத்துக்கு மேல் போடாதீர்கள்.

கெடும் இடங்கள்: பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிந்தால் ஸ்கேன் செய்யும்போதே தாளுக்குப் பின் கறுப்புத் தாள் வையுங்கள், பிறகு திருத்துவது கஷ்டம். முழுக் கறுப்பு-வெள்ளை முறையில் ஸ்கேன் செய்யாதீர்கள், மெல்லிய கோடு அறுந்து தடித்த கோடு ஒட்டிக்கொள்ளும். சாம்பல் முறையில் எடுத்து, மஞ்சளை லெவல்ஸில் மேலே தள்ளுங்கள், ஆனால் தாள் முழு வெள்ளையாகும் வரை போகாதீர்கள். ஸ்கேனை அளவு குறைக்கும்போது கோட்டு வலையில் அலை அலையாக நெளிவு வந்தால், குறைப்பதற்கு முன் லேசாக மங்கலாக்கிவிட்டுக் குறையுங்கள். கோப்பை டிஃப் (TIFF) ஆக வைத்துக்கொள்ளுங்கள், ஜேபெக்கைத் திரும்பத் திரும்பச் சேமித்தால் கோட்டோரத்தில் கொசு மொய்த்த மாதிரி ஆகும்.

தாள்தூசி:

பட விளக்கம் ஒன்று எழுதிப் பார்த்தேன், திருத்துங்கள்: “1872 ஜனவரி. தெற்குக் கப்பல்களுக்கு உதவியதற்கு மன்னிப்புக் கேட்ட பிரிட்டனிடம் அமெரிக்கா இன்னும் அதிகம் கேட்கிறது. ஓவியர் ஸ்வெயின், பஞ்ச்.”

வழக்காடி:

மன்னிப்பு இல்லை. உடன்படிக்கையின் முதல் பிரிவில் பிரிட்டன் சொன்னது கப்பல்கள் தப்பிப் போனதற்கு வருத்தம், அதுவும் ‘எந்தச் சூழலில் தப்பியிருந்தாலும்’ என்ற பூட்டோடு. ‘உதவியதற்கு’ என்பதையும் எடுங்கள், அதுதான் வழக்கே.

பழந்தாள் செல்வி:

‘ஓவியர் ஸ்வெயின்’ போகட்டும். ‘செதுக்கியது ஸ்வெயின் பட்டறை’ என்று போட்டு, டெனியல் முத்திரை கண்ணில் பட்டால் மட்டும் அவர் பெயர். தேதியைத் தொகுப்பு பார்த்து நிரப்புங்கள், அதுவரை ‘1872 தொடக்கம்’ போதும்.

தாள்தூசி:

இப்படி: “1872 தொடக்கம். கப்பல்கள் தப்பிப் போனதற்கு பிரிட்டன் உடன்படிக்கையில் வருத்தம் தெரிவித்த சில மாதங்களில், ஜெனீவாவில் அமெரிக்கா மறைமுக இழப்பையும் சேர்த்துக் கேட்டது. ஜூன் 19 அன்று நடுவர்கள் அதை ஒதுக்கினர். பஞ்ச் இதழ், செதுக்கியது ஸ்வெயின் பட்டறை.”

கடைசிப் பலகைக்குப் பணம் யார் கைக்குப் போனது என்று ஒரு வரி வேண்டும்.

வழக்காடி:

விளக்கம் இப்போது நிற்கும். பணம் 1873 செப்டம்பரில் வாஷிங்டனில் செலுத்தப்பட்டது. பங்கிட 1874இல் தனி நீதிமன்றம் அமைத்தார்கள். நேரடி நஷ்டக்காரர்களுக்குக் கொடுத்த பிறகும் மிச்சம் நின்றது. காப்பீட்டு நிறுவனங்கள் எங்களுக்குத்தான் என்றன, போர்க்காலத்தில் கூடுதல் கட்டணம் கட்டிய கப்பல்காரர்கள் எங்களுக்கு என்றார்கள். 1882இல் புதுச் சட்டம் போட்டு இரண்டாவது நீதிமன்றம் திறந்து, அந்தக் கட்டணக்காரர்களுக்கும் பங்கு கொடுத்தார்கள். ஜெனீவாவில் மறைமுகம் என்று தள்ளிய அதே காப்பீட்டுக் கட்டணம்தான் இது. அதற்குக் கார்ட்டூன் கிடைத்தால் ஆறாவது பலகையில் வையுங்கள், கிடைக்காவிட்டால் வெறும் எழுத்தாகவே போடுங்கள்.